முதல் கட்டளையின் சரித்திரம்

முந்தின இரவு வரை யாதொரு குறையுமின்றி வேலை செய்துகொண்டிருந்த கணிப்பொறி, தன்னைப் படைத்தவர்களே அனுப்பிவைத்த திருத்தங்களை ஏற்றுக்கொண்ட பிறகு, மறுநாள் காலையில் கறுத்த திரையோடு நின்றுவிடுவதும், துவங்குவதுபோல் துவங்கிப் பாதி வழியில் விழுந்து மறுபடியும் முதலிலிருந்தே ஆரம்பிப்பதும் இன்று எந்த அலுவலகத்திலும் காணக்கூடிய சங்கதிகளாகிவிட்டன. "அப்டேட் ஆச்சு, அப்புறம் பூட்டே ஆகலை" என்று சொல்லிக்கொண்டு சென்னை ரிச்சி தெருக் கடைகளுக்குப் பெட்டியைத் தூக்கிச் செல்கிறவர்கள், இது இந்தக் காலத்து அவசரத்தின் விளைவென்று எண்ணுவது சகஜம். ஆனால் கட்டளைகளைத் தன் நினைவகத்திலே வைத்துக்கொண்டு இயங்கும் பொறி எப்போது பிறந்ததோ, அப்போதே இந்தச் சங்கடமும் உடன் பிறந்துவிட்டது. மாறிக்கொண்டே இருக்க வேண்டிய பெரும்பகுதிக்கும், எக்காலத்தும் மாறக்கூடாத சிறுபகுதிக்கும் எல்லை வகுப்பது எங்கே என்ற கேள்விக்குச் சென்ற முக்கால் நூற்றாண்டாகக் கூறப்பட்டு வந்த விடைகளே, ஒரு கணிப்பொறி துவங்குவதன் சரித்திரமாகும். அது துவங்க மறுக்கும்போது செய்யவேண்டிய பரிகாரமும் அந்தச் சரித்திரத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

1949ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் தேதி, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் மாரிஸ் வில்க்ஸின் தலைமையில் அமைக்கப்பட்ட எட்சாக் என்னும் பொறி தன் முதல் கணக்கைப் போட்டு முடித்தது. அதன் நினைவகம், பாதரசம் நிரப்பிய குழாய்களுக்குள் ஒலியலைகள் இடைவிடாது சுற்றிக்கொண்டிருப்பதால் நிலைபெற்ற ஒன்று. மின்சாரம் நின்றால் அலைகளும் அடங்கிவிடுமாதலால், ஒவ்வொரு முறை இயக்கும்போதும் பொறி ஏதுமறியாத நிலையில்தான் எழுந்தது. அது செய்யவேண்டிய காரியங்களெல்லாம் காகித நாடாவில் துளைகளாகக் காத்திருந்தன. ஆனால் நாடாவைப் படி என்பதும் ஒரு கட்டளைதானே? அதை நாடாவிலே எழுதி வைத்துப் பயனென்ன? அங்கே ஆராய்ச்சி மாணவராயிருந்த டேவிட் வீலர் இதற்கு ஓர் உபாயம் கண்டார். நாடாவைப் படித்து நினைவகத்தில் இறக்கிவைப்பதற்குப் போதுமான 31 கட்டளைகளை அவர் எழுத, டெலிபோன் நிலையங்களில் இணைப்புக் கொடுப்பதற்கென்று ஏற்பட்ட சுழல் சுவிட்சுகளில் அவை கம்பிகளாகவே பதிக்கப்பட்டன. துவக்கப் பொத்தானை அழுத்தியதும் சுவிட்சுகள் அந்த 31 கட்டளைகளையும் பாதரசக் குழாய்க்குள் செலுத்த, மற்றதையெல்லாம் பொறி தானே பார்த்துக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் 41 சொற்கள் கொண்ட மேலான வடிவம் ஒன்று அந்த இடத்துக்கு வந்தபோது, கம்பிகளின் அமைப்பையே மாற்றவேண்டியிருந்தது. துவக்கக் கட்டளைகளுக்கு நேர்ந்த முதல் திருத்தங்களுள் ஒன்று இது. இவ்வளவு பிரயாசைப்பட்டுச் செய்யவேண்டியிருந்தமையால், யோசனையின்றி எவரும் அதில் கைவைக்கவில்லை.

இதன் பின்வந்த பொறிகளில் இந்த எல்லை பலவாறு நகர்ந்தது. 1952ஆம் ஆண்டு ஐ.பி.எம். வெளியிட்ட 701 என்ற பொறியில் ஒரு தனிப் பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால், துளையட்டை, காந்த நாடா, காந்த உருளை ஆகிய மூன்றில் இயக்குபவர் தெரிந்தெடுத்த ஒன்றிலிருந்து முதற் சொல் நினைவகத்துக்கு வந்து சேரும், பிறகு அந்தச் சொல் தனக்கு அடுத்தவற்றை அழைத்துக்கொள்ளும். 1965இல் டிஜிட்டல் எக்விப்மெண்ட் கம்பெனியார் விற்பனைக்குக் கொணர்ந்த பி.டி.பி. 8 என்ற சிறிய பொறியிலோ, முகப்புப் பலகையிலிருந்த சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி, முதற் கட்டளைகளை ஒவ்வொன்றாக மனிதனே தன் விரல்களால் ஊட்டவேண்டியிருந்தது. அந்தக் குறுங்கட்டளைத் தொகுதி டெலிடைப் யந்திரத்திலிருந்து இன்னும் சற்றுப் பெரிய தொகுதியொன்றைப் படித்துக்கொள்ள, அது உண்மையான நிரலைப் படிக்கும்.

பி.டி.பி. 8இன் நினைவகம் காந்த வளையங்களால் ஆனது. மின்சாரம் நின்றாலும் எழுதியது அழியாது. ஆகையால் நினைவகத்தின் கடைக்கோடியில் ஒருமுறை ஏற்றிவைத்த துவக்கக் கட்டளைகள் நாட்கணக்கில் அங்கேயே இருக்கும்; இயக்குபவர் சுவிட்சுகளைத் தொடாமலே காலம் தள்ளலாம். ஆனால் பிழையுள்ள ஏதோ ஒரு நிரல் எல்லை மீறிச் சென்று அந்தக் கடைக்கோடியின்மேல் எழுதிவிட்டால், மறுநாள் பொறி துவங்காது. முகப்புப் பலகையண்டை நின்றுகொண்டு மறுபடியும் முதலிலிருந்து சுவிட்சுகளைத் தள்ளவேண்டியதுதான். மாறக்கூடாத பகுதியை மாறக்கூடிய இடத்திலே வைத்தால் என்ன ஆகும் என்பதை அந்நாளில் இயக்குபவர்கள் இவ்வாறு கைவலிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

பத்தாண்டுகளுக்குப் பின், தனிமனிதன் விலைகொடுத்து வாங்கக்கூடிய ஆல்டேர் 8800 என்னும் பொறி 1975ஆம் ஆண்டு ஜனவரியில் பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகையின் அட்டையில் தோன்றியபோதும், இந்தச் சுவிட்சுத் தொல்லை தீர்ந்தபாடில்லை. அதற்காக பில் கேட்ஸும் பால் ஆலனும் எழுதிய பேசிக் மொழியை எடுத்துக்கொண்டு, அல்புகர்க்கி நகரிலிருந்த உற்பத்தியாளரிடம் காட்டுவதற்காக ஆலன் விமானமேறினார். நாடாவைப் படித்து உள்ளே சேர்க்கும் துவக்கக் கட்டளைகளை இருவருமே எழுத மறந்துபோனது, விமானம் இறங்கத் தொடங்கிய சமயத்தில்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. எஞ்சியிருந்த அந்தச் சிறு அவகாசத்தில், எதிரே பொறியேதும் இல்லாமல், காகிதத்திலேயே அவற்றை எழுதி முடித்தார். அவை பிழையின்றி வேலையும் செய்தன. மைக்ரோசாப்டின் ஆரம்பமே இப்படி ஒரு துவக்கச் சிக்கலிலிருந்து தப்பித்து வந்ததுதான்.

சுவிட்சுகளுக்கு விடைகொடுத்தது, அழியாத நினைவகச் சில்லு. ஸ்டீவ் வோஸ்னியாக் 1976இல் ஆப்பிள் ஒன்று என்ற பலகையில் 256 பைட்டுகளே கொண்ட ஒரு நிரலைச் சில்லில் பதித்துவைத்து, மின்சாரம் பாய்ந்ததும் விசைப்பலகையோடு பேசும் பொறியைத் தந்தார். 1981ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் தேதி வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யில் இந்தச் சில்லு பயாஸ் என்ற பெயரோடு வந்தது. அதன் அளவு 8 கிலோபைட். உயிர்பெற்றதும் முதலில் தன் அவயவங்களைத் தானே பரீட்சித்துக்கொள்வதும், குறையில்லையென்றால் ஒரு குறுகிய 'பீப்' ஒலியெழுப்புவதும், குறையிருந்தால் நீண்டும் குறுகியும் ஒலித்து எந்த உறுப்பில் பழுதென்று சூசகமாகத் தெரிவிப்பதும் அதன் ஆசாரம். 1983இல் ஹார்டு டிஸ்க் வந்து சேர்ந்தபோது, டிஸ்கின் முதற்பகுதியான 512 பைட்டுகள் அடுத்த படியாக ஏற்பட்டன. அவற்றுள் 446 பைட்டுகள் கட்டளைகளுக்கும், 64 டிஸ்கின் பிரிவினை அட்டவணைக்கும், கடைசி இரண்டு முத்திரைக்கும் ஒதுக்கப்பட்டன. அந்த முத்திரை சரியாயிருந்தால்தான் பயாஸ் தன் பொறுப்பை டிஸ்கிடம் ஒப்படைக்கும்.

இவ்வாறு துவக்கம் என்பது ஒரே காரியமாயிருந்த நிலை மாறி, சில்லு டிஸ்கின் முதற்பகுதியை அழைக்க, அது ஏற்றும் நிரலை அழைக்க, அது இயங்குதளத்தின் கருவாகிய கெர்னலை அழைக்க, கெர்னல் சாதனங்களை இயக்கும் டிரைவர்களை அழைக்கும் ஒரு வரிசையாக விரிந்தது. வரிசை நீள நீள, அது அறுந்துபோகக்கூடிய இடங்களும் பெருகின. எங்கே அறுந்தது என்று கண்டுபிடிப்பதே ஒரு தனிக் கலையாயிற்று. இக்கலையை நன்கறிந்து செய்யப்பட்டது, 1990களின் ஆரம்பத்தில் வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் லினக்ஸுக்காக எழுதிய லைலோ என்ற ஏற்றும் நிரல். அது தன் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துக்களை ஒரே மூச்சில் திரையில் எழுதாமல், ஒவ்வொரு படியைக் கடந்ததும் ஓர் எழுத்தாக எழுதும். 'எல்' என்ற முதலெழுத்தோடு நின்றால், முதற்பகுதி வந்துவிட்டது, இரண்டாம் பகுதியை எடுக்க முடியவில்லை என்று பொருள். 'எல், ஐ' என்று இரண்டெழுத்தோடு நின்றால், இரண்டாம் பகுதி வந்தும் அதை இயக்க முடியவில்லை. மூன்றெழுத்தோடு நின்றால், அது ஓடத் தொடங்கியும் டிஸ்கில் எதெது எங்கே என்று காட்டும் குறிப்பைப் படிக்க முடியவில்லை. நான்காம் எழுத்து தோன்றிவிட்டால் கவலையில்லை.

லைலோவுக்கு ஒரு பலவீனமும் உண்டு. கெர்னல் டிஸ்கில் எந்த எந்தக் கட்டங்களில் இருக்கிறதென்பதை அது எண்களாகவே குறித்துவைத்திருந்ததால், புதிய கெர்னலை நிறுவியவர் லைலோவை மறுபடியும் ஒருமுறை ஓட்டி அந்தக் குறிப்பைப் புதுப்பிக்க மறந்தால், அடுத்த துவக்கத்தில் பொறி பழைய விலாசத்தில் தேடி ஏமாந்து நிற்கும். எரிக் போலின் 1995இல் தொடங்கிய கிரப் என்ற நிரல், கோப்புகளைப் பெயரால் தேடிப் படிக்கும் திறமை பெற்றிருந்ததால் இந்தத் தொல்லையைப் போக்கிற்று. புதிய கெர்னல் வந்தபின்னும் பழையதை அழிக்காமல் பட்டியலில் வைத்திருக்கும் வழக்கமும் லினக்ஸ் உலகில் வேரூன்றியது. புதியது விழுந்தால் பழையதைத் தெரிந்தெடுத்துக்கொள்ளலாம்.

இதற்கிடையில் மாறாத சிறுபகுதியின் எல்லை மறுபுறத்தில் தளர்ந்துகொண்டு வந்தது. சில்லில் நிரந்தரமாகப் பதிக்கப்பட்டிருந்த பயாஸ், 1990களில் மின்சாரத்தாலேயே அழித்து எழுதக்கூடிய ஃபிளாஷ் நினைவகத்துக்குக் குடிபெயர்ந்தது. பயாஸில் பிழை தெரியவந்தால் சில்லையே கழற்றி மாற்றவேண்டிய சிரமம் இதனால் நீங்கிற்று என்பது மெய்தான். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும் சமயத்தில் மின்சாரம் போய்விட்டால், பலகை முழுதும் பயனற்றுப் போகும் அபாயமும் கூடவே வந்தது. தீயோர் இதைக் கண்டுகொள்ள நெடுங்காலம் ஆகவில்லை. 1986இலேயே லாகூரில் பிறந்த பிரெய்ன் என்னும் வைரஸ் பிளாப்பி டிஸ்கின் முதற்பகுதியில் புகுந்து குடியிருந்ததென்றால், சி.ஐ.எச். என்னும் வைரஸ் 1999ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் தேதி பயாஸ் சில்லின்மேலேயே குப்பையை எழுதிப் பொறிகளை ஊமையாக்கிவிட்டது. அந்நாளில் ஆசிய நாடுகளில் பாதிக்கப்பட்ட பலகைகளுக்குச் சில்லை மாற்றுவது தவிர வேறு கதியில்லாமல் போயிற்று. உற்பத்தியாளர்கள் பிறகு ஃபிளாஷுக்குள்ளேயே எழுத முடியாத ஒரு மூலையை ஒதுக்கினார்கள். சிலர் ஒரே பலகையில் இரண்டு பயாஸ் சில்லுகளை வைத்தார்கள். வீலர் வரைந்த எல்லைக்கோடு அழிக்கப்பட்ட இடத்தில் மறுபடியும் வரையப்பட்டது.

இவ்வளவு ஆபத்திருந்தும் திருத்தங்களை ஏன் ஏற்கவேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. 2003ஆம் ஆண்டு ஜூலையில் விண்டோஸின் ஓட்டையொன்றை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் வெளியிட்டிருந்தும், அதைப் பெரும்பாலோர் பொருட்படுத்தாமையால், ஆகஸ்டு மாதத்தில் பிளாஸ்டர் என்னும் புழு அதே ஓட்டை வழியாகப் புகுந்து உலகெங்கும் பரவியது. அவ்வாண்டு அக்டோபரிலிருந்து ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை திருத்தங்களை ஒருசேர வெளியிடும் வழக்கம் ஏற்பட்டது. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது, வீட்டுப் பொறிகளின் சொந்தக்காரர்கள் திருத்தங்களை அடியோடு மறுக்கும் உரிமையையும் இழந்தார்கள். 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் வானாக்ரை என்னும் தீநிரல் ஆஸ்பத்திரிகளை முடக்கியபோதும், அதற்கான திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது. ஆகவே திருத்தங்களை வெறுப்பவர் பக்கம் அனுபவமும், வேண்டுபவர் பக்கம் நியாயமும் இருக்கின்றன.

திருத்தத்தின்மேல் பழி விழும் இடங்களிலும் உண்மைக் காரணம் வேறாக இருப்பதுண்டு. 2010ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு திருத்தத்துக்குப் பிறகு பல விண்டோஸ் எக்ஸ்.பி. பொறிகள் நீலத்திரையோடு விழுந்தன. ஆராய்ந்து பார்த்ததில், அப்பொறிகளில் அலூரியான் என்ற தீநிரல் முன்னமே ஒளிந்திருந்ததும், கெர்னலின் உட்பகுதிகள் இன்னின்ன விலாசத்தில் இருக்குமென்று நம்பி அது எழுதப்பட்டிருந்ததும், திருத்தம் அந்த விலாசங்களை மாற்றியதும் அது தடுமாறி விழுந்து பொறியையும் இழுத்துக்கொண்டு போனதும் தெரியவந்தன. அதே ஆண்டு ஏப்ரல் 21ஆம் தேதியோ மெக்காஃபியின் வைரஸ் தடுப்பு நிரல், தனக்கு வந்த புதிய குறிப்பை நம்பி, எக்ஸ்.பி.யின் இன்றியமையாத கோப்பொன்றையே வைரஸ் என்று கருதி அகற்றிவிட, பொறிகள் ஓயாமல் துவங்கி விழுந்துகொண்டிருந்தன. 2018 ஜனவரியில் செயலிகளில் இருந்த பெருங்குறைக்கு மைக்ரோசாப்ட் அனுப்பிய திருத்தம் சில ஏ.எம்.டி. பொறிகளைத் துவங்கவொட்டாமல் செய்ததால், அவற்றுக்கு அனுப்புவதையே சில நாள் நிறுத்திவைக்க நேர்ந்தது.

அனுபவம் மிக்க பழுதுபார்ப்பவர் இத்தகைய பொறியை எதிர்கொள்ளும் முறையைக் கவனித்தால், மேற்சொன்ன சரித்திரத்தையே அவர் ஆதியிலிருந்து படிப்படியாக நடத்திப் பார்க்கிறார் என்பது விளங்கும். வெளியே செருகியிருக்கும் சாதனங்களையெல்லாம் பிடுங்கிவிட்டு, விசிறி சுழல்கிறதா, பீப் ஒலி எத்தனை, கம்பெனிச் சின்னம் திரையில் வருகிறதா என்று முதலில் பார்க்கிறார். சின்னமே வரவில்லையென்றால் விண்டோஸைக் குறைசொல்லிப் பயனில்லை, ரேமைக் கழற்றித் துடைத்துச் செருகுவதும், பலகையிலுள்ள மூன்று வோல்ட் பட்டன் பேட்டரியைப் பரிசோதிப்பதும்தான் காரியம். சின்னம் வந்து, டிஸ்க் இல்லையென்று செய்தி வந்தால் துவக்க வரிசையைச் சரிபார்க்கிறார். பயாஸைப் புதுப்பித்த பிறகு நேர்ந்த கோளாறென்றால், டிஸ்கோடு பேசும் முறை தொழிற்சாலையில் வைத்தபடிக்குத் திரும்பியிருக்கக்கூடும்; அதைப் பழையபடி மாற்றினால் போதும். வளையப் புள்ளிகள் சுழன்று அதன்பின் விழுமாயின், குற்றம் திருத்தத்திலோ டிரைவரிலோ இருக்கிறது. விண்டோஸ் 95 காலத்தில் எஃப் 8 விசையை அழுத்தி, இன்றியமையாத டிரைவர்களை மட்டும் கொண்டு எழும் சேஃப் மோடுக்குப் போவார்கள். துவக்கம் மிக விரைவாகிவிட்ட விண்டோஸ் 8 முதற்கொண்டு அந்த விசை வழக்கொழிந்ததால், துவங்கும் சமயத்திலேயே இரண்டு மூன்று முறை மின்விசையை நிறுத்தி, பொறியே பயந்து மீட்புத் திரையைக் காட்டும்படி செய்கிறார்கள். அங்கிருந்து கடைசியாக வந்த திருத்தத்தை நீக்கலாம், அல்லது 2000ஆம் ஆண்டு விண்டோஸ் மில்லேனியத்தோடு வந்த சிஸ்டம் ரீஸ்டோர் மூலம் முந்தைய நாளுக்குத் திரும்பலாம். எடுத்த எடுப்பிலேயே "ஃபார்மட் பண்ணிடலாம் சார்" என்பவர் இந்த வரிசையை அறியாதவர். அறிந்தவரோ, அப்படிச் செய்ய நேர்ந்தாலும், முதலில் ஒரு பென் டிரைவில் உள்ள லினக்ஸைத் துவக்கி, வாடிக்கையாளரின் கோப்புகளைக் காப்பாற்றிக்கொள்வார்.

இந்த வரிசை முழுவதும் உலகின் கண்முன் ஒரே நாளில் சோதனைக்குள்ளானது, 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் தேதி. கிரவுட்ஸ்டிரைக் என்னும் கம்பெனியின் பாதுகாப்பு நிரல், விண்டோஸ் துவங்கும்போது வெகு ஆரம்பத்திலேயே ஏறிக்கொள்ளும் டிரைவர் ஒன்றை உடையது. இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு அதற்கு வந்த ஒரு சிறு குறிப்புக் கோப்பு 21 விவரங்களை எதிர்பார்த்தது. டிரைவரிடம் இருந்தவை 20. இல்லாத இருபத்தோராவதைத் தேடி அது தனக்குரியதல்லாத நினைவகத்தில் கைவைக்க, கெர்னல் விழுந்தது. கம்பெனியார் 78 நிமிஷங்களில் அக்கோப்பைத் திரும்பப் பெற்றும், அதற்குள் அதைப் பெற்றுவிட்ட பொறிகள், மைக்ரோசாப்டின் மதிப்பீட்டின்படி, 85 லட்சம். இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸ்களைக் கையால் எழுதிக் கொடுக்கும்படியாயிற்று. பரிகாரமோ மிக எளியது: சேஃப் மோடில் துவங்கி, டிரைவர்களின் அடைவுக்குள் சென்று, 291 என்ற எண் தாங்கிய கோப்பை நீக்கிவிட்டு மறுபடி துவக்குவது. ஆனால் இணையத்தோடு சேரும் முன்னமே விழுந்துவிடும் பொறிக்குத் தூரத்திலிருந்து இதைச் செய்ய இயலாதாகையால், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு மனிதன் போய் நிற்கவேண்டியிருந்தது. சில பொறிகளை 15 முறை வரை திரும்பத் திரும்பத் துவக்கிப் பார்க்கும்படியும் யோசனை கூறப்பட்டது. ஏதாவதொரு முறை, விழுவதற்குமுன் திருத்திய கோப்பை அது இணையத்திலிருந்து எடுத்துக்கொண்டுவிடக்கூடும் என்பதே காரணம். டிஸ்க் மறையாக்கம் செய்யப்பட்டிருந்த இடங்களில் 48 இலக்க மீட்பு எண் தேவைப்பட்டது; அந்த எண்கள் சேமித்துவைக்கப்பட்ட சர்வர்களும் சில இடங்களில் அதே நீலத்திரையில் கிடந்தபோது, பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியவன் கதையாயிற்று.

இதிலிருந்து உற்பத்தியாளர்கள் பெற்ற பாடம் புதிதன்று. 2016இல் ஆண்ட்ராய்டு 7 முதல், கைபேசியில் இயங்குதளத்தின் இரண்டு பிரதிகளை வைத்து, ஒன்று ஓடும்போது மற்றதைத் திருத்தி, திருத்தியது துவங்காவிட்டால் பழையதற்கே திரும்பும் முறை வழங்கிவருகிறது. விண்டோஸும் துவங்காத பொறியின் மீட்புப் பகுதியே இணையத்தை அணுகிப் பரிகாரத்தைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டை 2024 நவம்பரில் அறிவித்தது. இவையெல்லாம் வீலர் சுழல் சுவிட்சுகளில் பதித்த 31 கட்டளைகளின் வாரிசுகளே. திருத்தத்தின் கை எட்டாத ஓரிடம் இருந்தாக வேண்டுமென்ற நியதி, பொறிகளை ஆள்பவர்களுக்கும் பொருந்தும். வீட்டிலானாலும் அலுவலகத்திலானாலும், துவங்கக்கூடிய ஒரு பென் டிரைவையும், காகிதத்தில் எழுதிய மீட்பு எண்ணையும், கோப்புகளின் பிரதியையும் அந்தப் பொறியோடு சம்பந்தமில்லாத ஓரிடத்தில் வைத்துக்கொண்டவருக்கு, மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமையை எண்ணி அஞ்ச வேண்டிய அவசியமில்லை. கேம்பிரிட்ஜில் அந்த எல்லையை விஞ்ஞானிகள் நமக்காக வகுத்தார்கள். இன்று அதை வகுத்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு பொறியை உடையவரையே சார்ந்தது.